சீசன் தொடங்குமுன் உங்கள் அணியின் நான்காவது கார்னர்பேக் யார் என்று கண்டுபிடியுங்கள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் பார்க்க ஆரம்பித்து ஒன்றிரண்டு சீசன் ஆகிவிட்டதா? விதிகள் ஓரளவு பிடிபட்டு, ஒரு அணியையும் நம்முடையது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டீர்களா? அப்படியானால் உங்களுக்கும் இது நடக்கப்போகிறது. நவம்பரில் ஏதோ ஒரு ஆட்டத்தில், பெயரே கேள்விப்படாத ஒருவர் உங்கள் அணியின் ஓரத்தில் கார்னர்பேக்காக, அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை மறிப்பவராக, வந்து நிற்பார். எதிரணி குவார்ட்டர்பேக் விடாமல் அவர் பக்கமே பந்தை வீசுவார். வர்ணனையாளர் "டெப்த் இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

அந்த டெப்த், அதாவது கைவசம் நல்ல மாற்று வீரர்கள், இருக்கிறதா இல்லையா என்பதை ஆகஸ்ட் மாதமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஆனால் அதற்கான தகவல் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கிழமை வரும், ஒவ்வொரு தளத்தில் இருக்கும், எல்லாமே ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டிருக்கும். அவற்றை ஒன்றுசேர்க்க நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மாலைப் பொழுது போதும். காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை.

1. இரண்டு பேர் என்று எண்ணாதீர்கள், மூன்று பேர்

தற்காப்பு வரிசையைப் படம் போட்டுக் காட்டும் அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் இடது ஓரம் ஒரு கார்னர், வலது ஓரம் ஒரு கார்னர், நடுவில் பின்னால் காவல் நிற்கும் இரண்டு சேஃப்டி என்று காட்டும். இன்றைய ஆட்டத்தில் பாதிக்கும் மேற்பட்ட ஸ்நாப்களில் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்நாப்) பின்வரிசையில் ஐந்து பேர் நிற்கிறார்கள். இதற்கு நிக்கல் என்று பெயர். ஐந்தாவதாக வருபவர் பெரும்பாலும் மூன்றாவது கார்னர். எதிரணியின் ஸ்லாட் ரிசீவரை, அதாவது ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே நிற்பவரை, பார்த்துக்கொள்வது அவர் வேலை. சில அணிகள் அந்த இடத்தில் ஒரு சேஃப்டியை இறக்கும். உங்கள் அணி எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆக, தொடக்க வீரர்கள் மூவர். அவர்களுக்கு மாற்று மூவர். மொத்தம் ஆறு பெயர் உங்கள் தாளில் வர வேண்டும்.

மற்ற இடங்களைவிட இந்த இடத்தில் மாற்று வீரர் ஏன் இவ்வளவு முக்கியம்? தாக்குதல் வரிசையில் ஒருவர் பலவீனமாக இருந்தால் பக்கத்தில் நிற்பவர் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கலாம். கார்னரின் பலவீனத்தை எதிரணி தேடி வந்து அடிக்கும். பந்து எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது குவார்ட்டர்பேக்தான். உங்களிடம் நாட்டிலேயே சிறந்த கார்னர் ஒருவர் இருந்தாலும், எதிரணி அவர் பக்கமே திரும்பாமல் மறுபக்கம் வீசிக்கொண்டே இருக்கலாம்.

2015 பிப்ரவரியில் நடந்த 49ஆவது சூப்பர் பௌலில் சியாட்டில் சீஹாக்ஸுக்கு நடந்தது இதுதான். முதல் கால்பகுதியில் அவர்களுடைய ஸ்லாட் கார்னர் ஜெரமி லேன் ஒரு பந்தைப் பறித்தார், அதே ஓட்டத்தில் கை உடைந்து வெளியேறினார். அவருக்குப் பதிலாக தாரோல்ட் சைமன் வந்தார். ரிச்சர்ட் ஷெர்மன் களத்தில்தான் இருந்தார், ஆனால் டாம் பிரேடி சைமனைக் குறிவைத்தார். பிராண்டன் லஃபெல், ஜூலியன் எடல்மன் இருவரின் டச்டவுனும் சைமன் மீது வந்தவை. அதே ஆட்டத்தில் மறுபக்கம் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் ஒரு மாற்று கார்னரை உள்ளே அனுப்பியது. எந்த அணியும் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எடுக்காத, வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புதுமுகம் மால்கம் பட்லர். கோல் கோட்டில் கடைசி நேரத்தில் ரஸ்ஸல் வில்சனின் பந்தைப் பறித்தவர் அவர்தான். பேட்ரியட்ஸ் 28–24 என வென்றது. ஒரே ஆட்டம், இரண்டு பக்கமும் மாற்று கார்னர்கள், நேர் எதிரான முடிவு. புதியவர்கள் முதலில் பார்க்க வேண்டிய பழைய ஆட்டம் எது என்று கேட்டால் இதையே சொல்வேன்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

முதலாவது, அணியின் இணையதளத்தில் இருக்கும் டெப்த் சார்ட். யார் முதல் வரிசை, யார் இரண்டாம் வரிசை என்று அதில் இருக்கும். இதை அப்படியே நம்ப வேண்டாம். பல அணிகள் "அதிகாரபூர்வமற்றது" என்று அதிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஊடகப் பிரிவு தயாரிப்பது, பயிற்சியாளர் மனதில் இருப்பது அல்ல. ஸ்லாட் இடம் அதில் தனியாக இல்லாமலும் போகலாம்.

இரண்டாவது, ஸ்நாப் எண்ணிக்கை. இதுதான் உண்மையைச் சொல்லும். புரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு வீரரும் தற்காப்பில் எத்தனை ஸ்நாப், ஸ்பெஷல் டீம்ஸில் (பந்தை உதைக்கும் ஆட்டங்களில்) எத்தனை ஸ்நாப் ஆடினார் என்று இலவசமாகவே இருக்கும். கடந்த சீசனுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஒப்பந்த விவரம். ஓவர் தி கேப், ஸ்போட்ராக் இரண்டு தளங்களும் போதும். அடுத்து, தினமும் வரும் சேர்ப்பு–நீக்கப் பட்டியல். லீகின் தளத்திலேயே இருக்கிறது. கடைசியாக, சீசன் தொடங்கிய பின் வாராவாரம் வரும் காய அறிக்கை. அதைப் பற்றி ஏழாவது படியில் சொல்கிறேன்.

3. ஆறு வரி எழுதுங்கள்

ஒவ்வொரு வரியிலும் பெயர், ஆடும் இடம் (ஓரமா, ஸ்லாட்டா, இரண்டுமா), போன சீசன் தற்காப்பு ஸ்நாப், ஸ்பெஷல் டீம்ஸ் ஸ்நாப், கடந்த இரண்டு சீசனில் தவறவிட்ட ஆட்டங்கள், ஒப்பந்தம் முடியும் ஆண்டு. அவ்வளவுதான்.

ஒரு அணி ஒரு ஆட்டத்தில் தற்காப்பில் ஏறத்தாழ 60 முதல் 70 ஸ்நாப் ஆடும். அதனால் ஒருவர் போன சீசன் முழுக்க 200க்குக் குறைவாக ஆடியிருந்தால், ஏறத்தாழ மூன்று முழு ஆட்டத்துக்கு மேல் ஆடவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். இந்த 200 என்பது நானாக வைத்துக்கொண்ட எல்லை. நீங்கள் 300 என்று வைத்தாலும் குற்றமில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நான்காவது, ஐந்தாவது கார்னரை அணி வைத்திருப்பது பல சமயம் பன்ட், கிக்காஃப் வேலைகளுக்காகத்தான். அவருடைய ஸ்பெஷல் டீம்ஸ் எண்ணிக்கை பெரிதாகவும் தற்காப்பு எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் இருக்கும். அவரை மாற்று கார்னர் என்று எண்ணலாமா? எண்ணலாம், கேள்விக்குறியோடு. கிரீன் பே பேக்கர்ஸ் 2011 பிப்ரவரியில் ஆடிய 45ஆவது சூப்பர் பௌலில் இடைவேளைக்குள் கார்னர் சார்லஸ் உட்சனுக்குக் காறை எலும்பு முறிந்தது, சாம் ஷீல்ட்ஸுக்குத் தோளில் அடி. மிச்சமிருந்த டிரேமன் வில்லியம்ஸோடு ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாகவே பெயர் வாங்கிய ஜாரட் புஷ்ஷும் பேட் லீயும் நின்று ஆட வேண்டியதாயிற்று. புஷ் அன்று ஒரு பந்தையும் பறித்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸை 31–25 என வென்றார்கள். எல்லா அணிக்கும் இப்படி வாய்க்காது. அதனால்தான் அந்தக் கேள்விக்குறி.

4. ஒவ்வொரு பெயராக அடித்துப் பாருங்கள்

வேலையின் மையம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் கார்னரின் பெயரை அடியுங்கள். அவர் இடத்துக்கு யார் வருவார்? அவர் வந்தால் வேறு யாராவது இடம் மாற வேண்டுமா? அடுத்து இரண்டாமவரை அடித்து அதே கேள்வி. அப்புறம் ஸ்லாட்காரரை. ஒரு காயத்துக்கு ஒரே ஒரு இடம்தான் மாறுகிறது என்றால் உங்கள் அணி நன்றாகத் தயாராகியிருக்கிறது. ஒரு காயத்துக்கு இரண்டு இடம் மாறினால் (ஓரத்துக்காரர் போனதும் ஸ்லாட்காரர் வெளியே போய், ஸ்லாட்டுக்குப் புதியவர் வந்தால்) ஒரு ஆள் குறைந்ததில் இரண்டு இடங்கள் பலவீனமாகின்றன.

அதிகம் ஏமாற்றுவது "இரண்டு இடமும் ஆடுவார்" என்று புகழப்படும் ஒரே மாற்று வீரர். தாளில் அவர் பெயர் ஓரத்துக்கும் மாற்றாக இருக்கும், ஸ்லாட்டுக்கும் மாற்றாக இருக்கும். இரண்டு பேர் போலத் தெரியும். ஒரே ஞாயிற்றுக்கிழமை இருவர் காயப்பட்டால் அவர் ஒருவர்தான்.

ஸ்லாட் வேறு வேலை என்பதையும் மறக்க வேண்டாம். ஓரத்தில் நிற்பவருக்கு எல்லைக் கோடு ஒரு பக்கம் துணை. ஸ்லாட்டில் ரிசீவர் இரண்டு பக்கமும் உடைத்துக்கொண்டு போகலாம். ஓட்ட ஆட்டத்தில் ஓடிவருபவரை மடக்கவும் வேண்டும். உயரமான ஓரத்துக்காரர் ஒருவரை அங்கே தள்ளினால் சமாளித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள்.

இனி ஒரே நேரத்தில் இரண்டு பெயரை அடியுங்கள். மிகையாகத் தோன்றுகிறதா? டெட்ராய்ட் லயன்ஸின் 2024 சீசனைப் பாருங்கள். 15 வெற்றி, தங்கள் கான்ஃபரன்ஸில் (லீகின் ஒரு பாதியில்) முதலிடம். டிசம்பரில் கார்னர் கார்ல்டன் டேவிஸுக்குத் தாடை உடைந்தது. 2025 ஜனவரி 18 அன்று வாஷிங்டனுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அமிக் ராபர்ட்சனுக்குக் கை முறிந்தது. அன்று 45–31 என்று தோற்று வீட்டுக்குப் போனார்கள். தோல்விக்கு இது மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன், பந்தையும் பலமுறை பறிகொடுத்தார்கள். ஆனால் 45 புள்ளி விட்டதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

5. செலவைப் பாருங்கள்

2025 சீசனுக்கு ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். அந்த ஆண்டு டெரெக் ஸ்டிங்லி ஜூனியர் ஹூஸ்டனோடு மூன்று ஆண்டுக்கு 9 கோடி டாலர், சாஸ் கார்ட்னர் நியூயார்க் ஜெட்ஸோடு நான்கு ஆண்டுக்கு 12.04 கோடி டாலர் என்று கையெழுத்திட்டார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 3 கோடி. மறுமுனையில், அதே 2025இல் புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ ஆடியவருக்கு 12.55 லட்சம். பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது முக்கியப் பட்டியலுக்கு வெளியே பயிற்சிக்கு வைத்திருக்கும் குழுவில், இருக்கும் இளம் வீரருக்கு வாரம் 13,000 டாலர்.

ஆக, ஒரு நட்சத்திரத்தின் விலையில் இரண்டு டஜன் மாற்று வீரர்கள். அப்படியானால் நட்சத்திரமே வேண்டாமா என்றால், வேண்டும். என் கணக்கு வேறு: முதல் கார்னருக்கு 3 கோடி கொடுக்கும் அணி, நான்காமவருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேல் இன்னும் 20, 30 லட்சம் டாலர் கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரியவில்லை. அந்த வித்தியாசம் கேள்விக்குறி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வித்தியாசம்.

மலிவான வழி டிராஃப்ட். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2024இல் முதல் இரண்டு தேர்வையும் கார்னர்களுக்கே செலவிட்டது: 22ஆவதாக குவின்யான் மிட்செல், 40ஆவதாக கூப்பர் டிஜீன். டிஜீன் தொடக்கத்திலேயே முதல் வரிசையில் இல்லை. ஓய்வு வாரத்துக்குப் பிறகு அக்டோபரில்தான் ஸ்லாட்டைப் பிடித்தார். 2025 பிப்ரவரி சூப்பர் பௌலில் பேட்ரிக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து டச்டவுன் அடித்தார், அன்று அவருக்கு 22ஆவது பிறந்தநாள் வேறு. இருவருக்கும் நான்கு ஆண்டுப் புதுமுக ஒப்பந்தம்.

ஒப்பந்தத் தளங்களில் ஒரு எச்சரிக்கை: செய்தியில் வரும் ஆண்டுச் சராசரியும், அந்த ஆண்டு உச்சவரம்பில் ஏறும் தொகையும் ஒன்றல்ல. முன்பணத்தைப் பல ஆண்டுக்குப் பிரித்துப் போடுவதால் முதல் ஆண்டில் தொகை மிகக் குறைவாகத் தெரியும். "கேப் ஹிட்" என்ற பத்தியைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் அடுத்த இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து.

6. எந்த மாதம் என்ன நடக்கும்

மார்ச் நடுவில், ஒப்பந்தம் முடிந்த சுதந்திர வீரர் சந்தை திறக்கும். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். அதன் பிறகு 90 பேர் கொண்ட பட்டியலில் கார்னர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்கூட இருப்பார்கள். அதைப் பார்த்து மகிழ வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரம்தான் முக்கியம். 90 பேர் 53 ஆகக் குறைய வேண்டும். அடுத்த நாளே மற்ற அணிகள் விட்டவர்களை வேவர், அதாவது விடப்பட்டவருக்கு உரிமை கோரும் முறை, வழியாகப் பிடிக்கலாம், பிறகு 16 பேர் கொண்ட பிராக்டிஸ் ஸ்குவாட் அமையும். உங்கள் ஆறு வரியை இந்த வாரம் முடிந்த பிறகு எழுதினால் போதும். முன்னமே எழுதினால் பாதியை அடித்துத் திருத்த வேண்டிவரும்.

காயப் பட்டியலில், அதாவது ஐஆரில், போடப்பட்டவர் குறைந்தது நான்கு ஆட்டம் உட்கார வேண்டும். அதனால் "இரண்டு வாரக் காயம்" என்றால் அணி அவரை அதில் போடாது, 53க்குள்ளேயே வைத்திருக்கும். ஆடாத ஆள் ஒரு இடத்தைப் பிடித்திருப்பார். கார்னர்களுக்கு அடிக்கடி வரும் தொடைப் பின்தசைக் காயம் இப்படிப்பட்டதுதான்: பெரிதுமில்லை, சீக்கிரம் போவதுமில்லை.

டிரேடு கெடு, அதாவது அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள், 2024 முதல் ஒன்பதாவது வாரத்துக்கு அடுத்த செவ்வாய். மழை கொட்டும்போது கூரை வேய ஆள் தேடினால் கூலி கூடத்தான் கேட்பார்கள். 2025 நவம்பர் 4 அன்று இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், கார்ட்னருக்காக முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் இரண்டையும் ஒரு ரிசீவரையும் ஜெட்ஸுக்குக் கொடுத்தது.

கெடு முடிந்தபின் மிச்சமிருப்பது வேவர், அடுத்தவர் பிராக்டிஸ் ஸ்குவாட், வீட்டில் இருக்கும் மூத்தவர்கள். அங்கேயும் சில சமயம் முத்து கிடைக்கும். 2021 அக்டோபரில் கிரீன் பேயின் கார்னர் ஜையர் அலெக்சாண்டர் தோளில் அடிபட்டதும், அரிசோனா கார்டினல்ஸின் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்த ரசூல் டக்ளஸை பேக்கர்ஸ் எடுத்தது. அதே மாதம் 28ஆம் தேதி அதே அரிசோனாவுக்கு எதிராக, கடைசி விநாடிகளில் எண்ட் ஸோனில் கைலர் மரேயின் பந்தைப் பறித்து ஆட்டத்தை முடித்தார். 24–21. அந்த சீசனில் ஐந்து பந்துகளைப் பறித்தார். உங்கள் அணி இப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கும் என்று எண்ணித் திட்டம் போட வேண்டாம்.

7. ஆட்ட வாரத்தில் பார்க்க வேண்டியது

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் காய அறிக்கை வரும். பயிற்சியில் முழுமையாக, ஓரளவு, இல்லவே இல்லை என்று மூன்று நிலை. வெள்ளி அன்று கூடவே ஆட்ட நிலையும் வரும்: ஆடமாட்டார், ஆடுவது சந்தேகம், ஆடுவாரா என்று உறுதியில்லை. புதன் அன்று பயிற்சிக்கு வராதது பெரிய விஷயமில்லை, மூத்தவர்களுக்கு ஓய்வு கொடுப்பார்கள். வியாழன் நன்றாக ஆடிவிட்டு வெள்ளி காணாமல் போனால் கவலைப்படுங்கள். பயிற்சியில் புதிதாக இழுத்துக்கொண்டார் என்றே பெரும்பாலும் அர்த்தம்.

சனிக்கிழமை அமெரிக்கக் கிழக்கு நேரம் மாலை 4 மணிக்குள் பிராக்டிஸ் ஸ்குவாடிலிருந்து இரண்டு பேர் வரை அந்த ஆட்டத்துக்கு மட்டும் மேலே அழைக்கலாம். அந்த இருவரில் ஒருவர் கார்னர் என்றால், வெளியே சொல்லாத ஒரு காயம் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். ஒரே வீரரைச் சாதாரண சீசனில் மூன்று முறைதான் இப்படி அழைக்கலாம். நான்காவது முறை வேண்டுமென்றால் 53க்குள் சேர்க்க வேண்டும், அதற்கு வேறொருவரை விட வேண்டும்.

ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு ஆடாதவர் பட்டியல் வரும். இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு: கிழக்கு நேரம் பகல் 1 மணி ஆட்டம் நமக்கு இரவு 10:30, நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கக் கடிகாரம் மாறிய பிறகு 11:30. பட்டியலை இரவு 9 மணிக்கோ 10 மணிக்கோ பார்த்துவிடலாம்.

8. களத்தில் தெரியும் அறிகுறிகள்

நான்காமவர் உள்ளே வந்ததும் முதலில் பாருங்கள், அவர் ரிசீவருக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறார். வழக்கத்தைவிட மூன்று நான்கு யார்டு பின்னால் நின்றால், பயிற்சியாளர் ஆழமான பந்துக்குப் பயந்து குறுகிய பந்துகளை விட்டுக்கொடுக்கிறார். ஒரு சேஃப்டி அவர் பக்கம் சாய்ந்தால் நடுப்பகுதி திறந்துவிடும். பிளிட்ஸ் (கூடுதல் ஆட்களை குவார்ட்டர்பேக்கை நோக்கி அனுப்புவது) குறையும், பின்னால் தனியாக விட ஆளில்லை என்பதால். நடுவர் வீசும் தவறுக் கொடிகளையும் எண்ணுங்கள்: பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் (பந்து வரும்போது ரிசீவரைப் பிடித்துத் தடுப்பது) என்றால் தவறு நடந்த இடத்துக்கே பந்து போகும், 40 யார்டு என்றால் 40 யார்டு. பின்தங்கிவிட்ட மாற்று வீரர் கையை நீட்டிப் பிடிப்பது அங்கேதான்.

சில சமயம் தாக்குதல் முடிவுகளிலும் இது தெரியும். 2021இல் பால்டிமோர் ரேவன்ஸ், தன் முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு கார்னர் மார்கஸ் பீட்டர்ஸை முழங்கால் காயத்தால் இழந்தது. டிசம்பர் 5 அன்று பிட்ஸ்பர்கில் மார்லன் ஹம்ஃப்ரியும் காயப்பட்டு வெளியேறினார். 12 விநாடி மிச்சமிருக்கும்போது டச்டவுன் அடித்து 20–19 ஆக்கினார்கள். ஒரு புள்ளி கிக் அடித்தால் சமன். பயிற்சியாளர் ஜான் ஹார்பா இரண்டு புள்ளிக்குப் போனார், கிடைக்கவில்லை, தோற்றார்கள். கூடுதல் நேரம் ஆட கார்னர்கள் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதுதான் காரணம் என்று ஆட்டத்துக்குப் பிறகு அவரே சொன்னார். அந்த சீசனில் லீகிலேயே அதிக பாஸிங் யார்டு விட்டுக்கொடுத்த அணி ரேவன்ஸ்தான்.

திங்கள் அன்று புதிய ஸ்நாப் எண்ணிக்கை வந்துவிடும். தாளை எடுத்து நான்காமவர் ஆடியதைக் கூட்டிக்கொள்ளுங்கள், 200ஐத் தாண்டியதும் கேள்விக்குறியை எடுத்துவிடலாம். சேர்ப்பு–நீக்கப் பட்டியலையும் செவ்வாய்க்குள் ஒருமுறை பாருங்கள், புதிதாகக் கார்னர்கள் யாரையாவது சோதனைக்கு அழைத்திருந்தால் அணிச் செய்தியாளர்கள் அன்றைக்கே எழுதிவிடுவார்கள். பிளேஆஃப் தொடங்கிவிட்டால் மேலே சொன்ன மூன்று முறைக் கட்டுப்பாடு கிடையாது, ஒரே வீரரை வாராவாரம் அழைக்கலாம்.